இழப்புக்கு ஈடு கடனாக வரலாமா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



‘காலநிலை மாற்றமும் வளரும் நாடுகளும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கடல் போன்ற தலைப்பு. எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட ஒன்றைப் பற்றிக்கொண்டு பேசுவது பயன் தரும் என்று நினைக்கிறேன். நான் பொது நிதி படித்தவன். ஆகவே பணத்தைப் பற்றியே பேசுகிறேன். காலநிலை மாநாடுகள் நடக்கும்போதெல்லாம் எத்தனை கோடி டாலர் என்ற செய்தி தலைப்புச் செய்தியாகிறது. அந்தப் பணம் எந்த வடிவில் வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புவி வெப்பமடைவதற்குப் பெரிதும் காரணமான நாடுகள், அதனால் அடிபட்ட நாடுகளுக்குக் கைகொடுக்கும்போது அதைக் கடனாகக் கொடுக்கும் வரை, பன்னாட்டுக் காலநிலை நடவடிக்கையை நியாயமானது என்று சொல்ல முடியாது. வருமானம் தரும் பணிகளுக்குக் கடன் தரலாம். உயிரைக் காக்கவும் இழந்ததை மீட்கவும் தரும் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. இதை 6 கூறுகளாக விளக்க முயல்கிறேன்.

1. பொறுப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை

நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்ததால் இதுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா ஒன்றிலிருந்து வந்தது. உலக மக்களில் ஆறில் ஒருவர் வாழும் இந்தியாவின் பங்கு 3 முதல் 4 விழுக்காட்டுக்குள் அடங்கும். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் சேர்த்தாலும் பங்கு அதே அளவுதான். இந்த வாயு நூற்றாண்டுக் கணக்கில் வளிமண்டலத்தில் தங்குவது. எனவே இன்று யார் எவ்வளவு விடுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் கணக்கு பாதியில் நின்றுவிடும்.

1991இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு ஆய்வு நூலை வெளியிட்டார்கள். ஏழை உழவரின் நெல் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரும் வாயுவையும், வசதி படைத்தோரின் கார்ப் புகையையும் ஒரே தராசில் வைத்து நாடுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநீதி என்று அவர்கள் வாதிட்டார்கள். பிழைப்புக்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு என்ற அந்த வேறுபாடு, அடுத்து வந்த பேச்சுவார்த்தைகளில் ஆழமான தடம் பதித்தது.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, எல்லாருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அது ஒரே அளவானதல்ல என்று வகுத்தது. வளர்ந்த நாடுகள் புதிய, கூடுதலான நிதியைத் தர வேண்டும் என்றது. எளிதில் பாதிக்கப்படும் நாடுகள் தங்களைத் தகவமைத்துக்கொள்ளும் செலவில் உதவ வேண்டும் என்றும் எழுதி வைத்தது. பணக்கார நாடுகள் இதை ஏற்றுக் கையொப்பமிட்டன. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை, ஒப்புக்கொண்டதைக் கேட்கிறோம்.

2. வந்த பணத்தில் பெரும்பகுதி கடன்

2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் வளர்ந்த நாடுகள் ஒரு வாக்குறுதி தந்தன. 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றன. அந்த இலக்கு 2022இல்தான், அதாவது 2 ஆண்டு தாமதமாக, முதன்முறையாக எட்டப்பட்டது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்கின்படி அவ்வாண்டு 11,590 கோடி டாலர் திரண்டது. அதில் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்த பொது நிதியில் 69 விழுக்காடு கடன். மானியம் 28 விழுக்காடு மட்டுமே. கடனின் முழுத் தொகையையும் உதவியாகக் கணக்கிடக் கூடாது, அதில் உள்ள உண்மையான சலுகையை மட்டுமே எண்ண வேண்டும் என்று ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பு நெடுநாளாகச் சொல்லி வருகிறது. அந்த முறையில் அவர்கள் போட்ட கணக்கில், 2022இன் உதவி 2,800 கோடி முதல் 3,500 கோடி டாலருக்குள் சுருங்கிவிடுகிறது.

ஏன் இந்த வேறுபாடு? மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு நாடு கடலரிப்பைத் தடுக்கச் சுவர் கட்ட 100 கோடி டாலர் கடன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 3 விழுக்காடு, தவணை 20 ஆண்டு. அசலை ஆண்டுதோறும் சமமாகக் கட்டினாலும் வட்டி மட்டும் 31 கோடியைத் தாண்டும். கொடுத்த நாட்டின் ஏட்டில் 100 கோடி டாலர் காலநிலை உதவி என்று பதிவாகும். வாங்கிய நாட்டின் ஏட்டில் 131 கோடிக்கு மேல் செலவு ஏறும். கடல் சுவருக்கு யாரும் கட்டணம் கட்டப் போவதில்லை. அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய வரிப்பணத்திலிருந்துதான் போகும். அத்துடன் கடன் டாலரில், வரி வருவாய் உள்நாட்டுப் பணத்தில். பாகிஸ்தானில் 2022 தொடக்கத்தில் 1 டாலர் 180 ரூபாய்க்குள் இருந்தது. 2023 நடுவில் 280ஐத் தாண்டியது. ஒரு டாலர்கூடப் புதிதாக வாங்காமலேயே பழைய கடனின் சுமை ஒன்றரை மடங்காகிவிடும்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சூரிய மின் நிலையம் மின்சாரத்தை விற்றுக் கடனை அடைக்கும். அங்கே சிக்கல் வட்டி விகிதம்தான். உலகின் சிறந்த சூரிய ஆற்றல் வளத்தில் 60 விழுக்காடு ஆப்பிரிக்காவில் இருந்தும், உலகில் நிறுவப்பட்ட சூரிய மின் திறனில் அங்கே இருப்பது 1 விழுக்காடுதான் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2022இல் எழுதியது. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. குறைந்த வட்டிக்கு முதலீடு கிடைப்பதில்தான் பஞ்சம்.

புயல் பாதுகாப்பு மையத்தின் கதை வேறு. இன்றைய வங்கதேசத்தின் கரையை 1970இல் தாக்கிய போலா புயலில் 3 லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பிறகு அந்நாடு புயல் மையங்களைக் கட்டியது, கிராமந்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்தது, எச்சரிக்கை முறையைச் சீர்செய்தது. 2020இல் அம்பன் புயல் வந்தபோது அங்கே இறந்தவர்களைப் பத்துகளில் எண்ணிவிடலாம். இதைவிடச் சிறந்த முதலீடு உலகில் எது? ஆனால் அதிலிருந்து ஒரு காசு வருமானம் இல்லை. பிழைத்த உயிர்களிடம் வட்டி வசூலிக்க முடியாது.

3. சிந்துவில் இரண்டு கடன்கள்

2022 ஆகஸ்டில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இயல்பைவிடப் பல மடங்கு மழை கொட்டியது. நாடு முழுவதும் 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிந்து, பலுசிஸ்தான் மாகாணங்களில் 5 நாள் தொடர்மழையின் உச்ச அளவைப் புவி வெப்பமடைதல் 50 விழுக்காடு வரை கூட்டியிருக்கலாம் என்று காலநிலை அறிவியலாளர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். உலக உமிழ்வில் பாகிஸ்தானின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

செப்டம்பர் தொடக்கத்தில் மஞ்சர் ஏரி நிரம்பித் தளும்பியது. செவான் முதலான ஊர்களைக் காப்பாற்ற, அதிகாரிகளே ஏரிக்கரையை வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்திலிருந்து பாய்ந்த நீர் சுமார் 1 லட்சம் பேரை வீட்டைவிட்டு விரட்டியது. எந்த ஊர் மூழ்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமைக்கு ஓர் அரசு தள்ளப்பட்டது. மக்கள் மேடான சாலையோரங்களிலும் கரைகளிலும் கூடாரமிட்டார்கள். வயலில் மாதக்கணக்கில் நீர் வடியவில்லை. பருத்தி அழிந்தது; அடுத்த கோதுமை விதைப்பு தள்ளிப்போனது; கொசு பெருகி மலேரியா பரவியது.

சிந்துவில் குத்தகைக்கு உழுபவர்களை ‘ஹாரி’ என்பார்கள். விதையும் உரமும் நிலக்கிழாரிடம் கடனாகப் பெற்று, அறுவடையில் பாதியைப் பங்கிட்டு, கடனைக் கழிப்பது அவர்கள் வழக்கம். பயிர் மூழ்கினால் அறுவடை போகும், கடன் போகாது. அடுத்த விதைப்புக்கு மறுபடியும் அதே நிலக்கிழாரிடம்தான் போக வேண்டும். பழைய கடன் மேல் புதிய கடன் ஏறும்.

அந்த உழவருக்கு நேர்ந்ததே அவர் நாட்டுக்கும் நேர்ந்தது. சேதமும் பொருளாதார இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலர் என்று உலக வங்கியும் பிறரும் சேர்ந்து மதிப்பிட்டார்கள். 2023 ஜனவரி 9 அன்று ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் 900 கோடி டாலருக்கு மேல் வாக்களிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு திட்டக் கடன் என்று அன்றைய நிதியமைச்சர் இஷாக் தார் தெரிவித்தார். அந்த ஆண்டின் நடுவில் அந்நாடு திவாலாகும் விளிம்பில் நின்று, பன்னாட்டு நாணய நிதியத்திடம் 300 கோடி டாலர் கடனுக்கு உடன்பட்டது. வெள்ளத்துக்கு முன்பே கடனில் இருந்த நாடு, வெள்ளத்தால் மேலும் கடன்பட்டது.

4. நமக்கு அருகில் ஒரு சான்று

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளை வாரிக்கொண்டு போயின. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் காணி உரிமை பெறாத மலையகத் தமிழர்களும் அதில் அடிபட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் அறையை இழந்தவருக்கு, திரும்பக் கட்டச் சொந்த நிலமும் இல்லை.

2022இல் வெளிக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்ற நாடு அது. 2023 முதல் நாணய நிதியத்தின் திட்டத்தின் கீழ் செலவைச் சுருக்கி வந்தது. கட்டடங்கள், சாலைகள் முதலியவற்றின் நேரடிச் சேதத்தையே சுமார் 410 கோடி டாலர் என்று உலக வங்கியின் விரைவு மதிப்பீடு கணக்கிட்டது. நாணய நிதியம் அவசர உதவியாகச் சுமார் 20 கோடி டாலர் அளித்தது. அதுவும் திருப்பிச் செலுத்த வேண்டிய பணம்தான். இந்தியா 45 கோடி டாலர் அறிவித்தது. அதில் 10 கோடி மானியம், 35 கோடி சலுகைக் கடன். உமிழ்வு வரலாற்றில் இந்தியாவின் பொறுப்பு மேலை நாடுகளின் பொறுப்புக்கு ஒப்பானதல்ல. அண்டை நாட்டின் துயரத்தில் முதலில் ஓடிப்போய் நின்றதும் பாராட்டுக்குரியது. ஆயினும் உலக அரங்கில் நாம் கேட்கும் நியாயத்தை அண்டை வீட்டில் நாமே முன்னின்று காட்டினால், நம் குரலுக்கு வலிமை கூடும்.

5. திறந்த கதவும் காலிப் பெட்டியும்

கடல் மட்டம் உயர்ந்து மூழ்கும் தீவு நாடுகளின் இழப்பை ஈடுகட்டப் பன்னாட்டுக் காப்பீட்டு நிதி வேண்டும் என்று, சிறு தீவு நாடுகளின் கூட்டணி சார்பில் வனுவாட்டு 1991இலேயே முன்மொழிந்தது. அது ஏற்கப்படவில்லை. 2015இல் பாரிஸ் ஒப்பந்தம் இழப்பையும் சேதத்தையும் தனி விதியாகச் சேர்த்தது. ஆனால் அந்த விதி சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று உடன் நிறைவேறிய தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளின் குழுவுக்குத் தலைமை வகித்தது வெள்ளத்திலிருந்து அப்போதுதான் தலைதூக்கிய பாகிஸ்தான். அதன் விடாப்பிடியால் இழப்பு, சேதத்துக்கான தனி நிதியம் அமைக்க முடிவானது. 2023இல் துபாயில் அது செயல் வடிவம் பெற்றது. 31 ஆண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடினோம். 2025 நடுப்பகுதி வரை அந்த நிதியத்துக்கு வாக்களிக்கப்பட்ட மொத்தத் தொகை 80 கோடி டாலரை எட்டவில்லை. ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு வெள்ளத்தின் இழப்பு 3,000 கோடி என்பதை இத்துடன் வைத்துப் பாருங்கள். 2025 மார்ச்சில் அமெரிக்கா அந்த நிதியத்தின் நிர்வாகக் குழுவிலிருந்தே விலகிக்கொண்டது.

2024 நவம்பரில் பாகு காலநிலை மாநாட்டில் புதிய இலக்கு வகுக்கப்பட்டது: 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். தொகை குறைவு என்று எல்லாரும் பேசினார்கள். அதைவிட என்னை வருத்தியது வேறு. அதில் மானியம் எவ்வளவு, தகவமைப்புக்கு எவ்வளவு, இழப்புக்கு எவ்வளவு என்று எந்த வரையறையும் இல்லை. தனியார் முதலீட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். முடிவு அறிவிக்கப்பட்ட பின் இந்தியாவின் பிரதிநிதி சாந்தினி ரைனா எழுந்து அதைக் கண்கட்டு வித்தை என்ற பொருளில் கண்டித்தார். அந்தக் கண்டனம் நியாயமானது.

6. மறுப்புகளும் வழிகளும்

இந்தக் கருத்துக்கு இரண்டு மறுப்புகள் வருகின்றன. மானியம் கொடுத்தால் ஊழலில் கரையும் என்பது முதலாவது. ஊழல் உண்டு; அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் ஊழல் கடனையும் தின்னும். கடனில் ஊழல் நடந்தால் மக்கள் இருமுறை இழக்கிறார்கள்: பணமும் போகிறது, தவணையும் தொடர்கிறது. தணிக்கையைக் கடுமையாக்குவதுதான் மருந்து. வங்கதேசத்தின் புயல் மையங்கள் பணம் சரியாகவும் போய்ச் சேரும் என்பதற்குச் சான்று.

இன்று சீனாவும் இந்தியாவும் பேரளவில் உமிழ்கின்றனவே என்பது இரண்டாவது. சீனாவைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு; ஆண்டு உமிழ்வில் அது முதலிடத்தில் உள்ளது, கொடுக்கும் வலிமையும் பெற்றுவிட்டது. அதுவும் கைகொடுக்க வேண்டும். இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்காவில் சுமார் 14 டன். நம் நாட்டிலும் வசதி படைத்தோர் இந்தச் சராசரியின் நிழலில் ஒளியலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் புதிதாக ஒருவர் பந்தியில் அமர்ந்தார் என்பதற்காக, முன்பே உண்டவரின் பாக்கி தள்ளுபடியாகாது.

வழிகள் என்ன? 4 சொல்கிறேன்.

முதலாவது, தகவமைப்புக்கும் இழப்புக்கும் தரும் பணம் மானியமாகவே இருக்க வேண்டும் என்ற விதி. கடனைக் கணக்கில் காட்டினால் அதன் சலுகைப் பகுதியை மட்டுமே காட்ட வேண்டும்.

இரண்டாவது, பேரிடர் வந்தால் கடன் தவணை தானாக நிற்கும் ஒப்பந்த விதி. கரீபியத் தீவு நாடான கிரெனடாவை 2004இல் ஐவன் சூறாவளி சூறையாடியது. அதன் பின் அந்நாடு இருமுறை கடனைச் சீரமைக்க நேர்ந்தது. 2015 சீரமைப்பில் இந்த விதியைச் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அதன் கரியாகு தீவைத் தரைமட்டமாக்கியபோது, உலகிலேயே முதன்முறையாக அந்நாடு இந்த விதியைப் பயன்படுத்தித் தவணையை ஒத்திவைத்தது. பார்படோஸ் பிரதமர் மியா மாட்லி இதை எல்லாக் கடன்களுக்கும் விரிவுபடுத்தப் போராடி வருகிறார். சிந்துவின் ஹாரிக்கும் இதே விதிதான் வேண்டும்.

மூன்றாவது, நாணய நிதியத்தின் பங்கீட்டு முறை மாற வேண்டும். 2021இல் அது 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்பு உரிமைகள் என்ற கையிருப்புச் சொத்தை உருவாக்கி நாடுகளுக்குப் பகிர்ந்தது. பங்கு விகிதப்படி பகிர்ந்ததால் ஆப்பிரிக்கா முழுவதுக்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி மட்டும். தேவைப்படாத நாடுகளுக்குப் பெரும்பங்கு போனது.

நான்காவது, மானியத்துக்கான பணத்தை உமிழ்விலிருந்தே திரட்ட வேண்டும். கப்பல் உமிழ்வுக்கு உலகளாவிய கட்டணம் விதிக்கும் திட்டம், 2025 அக்டோபரில் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் நம் இரும்பும் அலுமினியமும் ஐரோப்பாவுக்குள் நுழையும்போது கார்பன் கட்டணம் கணக்கிடும் முறை 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. வளரும் நாடுகளின் பொருள் மீது வசூலாகும் அந்தத் தொகை, அந்நாடுகளின் தகவமைப்புக்கே திரும்ப வேண்டும். வசூல் விரைவாகவும் ஈடு தாமதமாகவும் நடப்பது எந்த அறத்திலும் சேராது.

நிறைவாக

2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் சிலர், காலநிலை குறித்து உலக நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தம் அரசுகளிடம் விண்ணப்பித்தார்கள். வனுவாட்டு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாக அக்கேள்வியை ஹேக் நகரிலுள்ள அந்நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமித்துக் கருத்துரைத்தார்கள்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறினால், உரிய நிபந்தனைகள் பொருந்தும்போது இழப்பீடு உட்பட முழுப் பரிகாரம் செய்ய நேரும். பாரிஸில் சாத்திய கதவை ஹேக் மீண்டும் திறந்திருக்கிறது. அது ஆலோசனைக் கருத்துத்தான், கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆனால் இழப்பீடு என்ற சொல்லை உச்சரிக்கவே கூடாது என்ற காலம் முடிந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் வயதில் இருந்தவர்கள்தான் அந்த விண்ணப்பத்தை எழுதினார்கள். உங்களிடம் நான் வேண்டுவது ஒன்று. இனி ஒவ்வொரு மாநாடு முடிந்ததும் இத்தனை கோடி டாலர் என்ற அறிவிப்பு வரும். அதைக் கேட்டு மகிழ்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதில் கடன் எவ்வளவு? அதை அடைக்கப் போவது யார்? பொருளாதாரம் படிப்பவர் அந்தக் கணக்கைப் போடுங்கள்; சட்டம் படிப்பவர் அந்த வாதத்தை எழுதுங்கள்; இதழியல் படிப்பவர் அதைச் செய்தியாக்குங்கள். கெடுத்தவர் கடன் கொடுப்பவராகவும் கெட்டவர் கடனாளியாகவும் இருக்கும் ஏற்பாட்டுக்கு உதவி என்று பெயரிட நாம் இனி இசையக் கூடாது.